தராசா, தரச்சான்றா? விசித்திரக் காசு கிடைத்தால் எதை நம்புவது

மலேசியாவின் பினாங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய 20 சென் ஒன்றை வாங்கினேன். செம்பருத்தி ஒரு பக்கம், வெற்றிலைப் பெட்டி மறுபக்கம். காசு மெலிந்து, எழுத்தெல்லாம் ஒல்லியாக இருந்தது. "மெல்லிசான தகட்டுல அடிச்ச எரர் காசு தம்பி, இன்னொண்ணு கிடைக்காது" என்றார் விற்றவர். எரர் காசு என்றால் அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன காசு. நாற்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன்.

உண்மையா என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அமெரிக்காவில் இருக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்புவது. இன்னொன்று, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி, அளவுகோல் காலிபர் மூன்றையும் வைத்து வீட்டிலேயே பார்ப்பது. நான் தராசைத்தான் எடுத்தேன். இனிமேலும் முதலில் அதைத்தான் எடுப்பேன்.

போட்டோ எடுத்து வாட்சாப்பில் கேட்பதும் ஒரு வழிதான். ஆனால் படத்தில் எடை தெரியாது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த எடைதான். 1989-இல் வந்த மலேசியக் காசு வரிசையில் 10 சென் 2.82 கிராம், 20 சென் 5.65, 50 சென் 9.33. என் காசு 4.6 காட்டியது. ஒரு கிராமுக்கு மேல் குறைவு! மெல்லிய தகடு என்று சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். அப்புறம் காலிபரை வைத்தேன். 23.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய விட்டத்தில் கால் மில்லிமீட்டர் குறைந்திருந்தது. விளிம்பின் கோடுகளும் மழுங்கியிருந்தன. இங்கேதான் குட்டு உடைந்தது. மெல்லிய தகடாக இருந்தாலும், ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்துக்குள் வைத்துத்தான் அடிப்பார்கள். அதனால் விட்டம் முழுதாக இருக்கும். அமிலமோ எல்லாப் பக்கமும் தின்னும். விட்டமும் குறைந்து எழுத்தும் ஒல்லியாகியிருந்தால், காசு அமிலத்தில் ஊறியது என்று பொருள்.

மற்ற வகைகளுக்கும் தராசு பேசும். படம் ஒருபக்கம் நகர்ந்து விழுந்த காசும், வளையம் இல்லாமல் அடித்து அகன்றுபோன காசும் எடை குறையாது. வேறு காசின் தகட்டில் அடித்ததென்றால், அந்த வேறு காசின் எடையே வரும். ஒரு எச்சரிக்கை: 2012-இல் புழக்கத்துக்கு வந்த புதிய 50 சென் 5.66 கிராம், பழைய 20 சென் 5.65. இந்த ஜோடியில் எடையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், நிறத்தையும் விட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறை போல ஓரம் கடிபட்ட காசுக்கு இன்னொரு சோதனை உண்டு. பினாங்கின் லோரோங் கூலிட் பகுதியில் காசு சேர்க்கும் பெரியவர் ஒருவர் எனக்குக் கற்றுத் தந்தது. வெறும் தகட்டை அச்சடிப்பதற்கு முன் உருட்டி ஓரத்தை மேடாக்குவார்கள். கடிபட்ட இடம் உருளும்போது எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. அதனால் கடிக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருந்தால் நல்ல அறிகுறி. அங்கே விளிம்பு முழுதாக இருந்தால், யாரோ பின்னால் வெட்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுவேன்.

தராசு தோற்கும் இடமும் இருக்கிறது. ஏமாற்றுபவர்கள் இரண்டு காசை வைஸ் என்னும் இறுக்கும் கருவியில் இறுக்கி, ஒன்றின் படத்தை மற்றொன்றில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிப் பதிப்பார்கள், எடை மாறாது. எழுத்து இரட்டையாகத் தெரிவது அச்சிலேயே உள்ள பிழையா, அடிக்கும்போது அச்சு அதிர்ந்ததா என்பதும் அப்படித்தான். அதிர்ந்திருந்தால் இரண்டாவது எழுத்து படிக்கட்டு போலத் தட்டையாக இருக்கும் என்பார்கள். என் கண்ணுக்கு அது எல்லா முறையும் பிடிபடுவதில்லை. அதற்குச் சான்று நிறுவனம்தான் சரி.

அங்கே நான் ஒரே ஒரு காசைத்தான் அனுப்பியிருக்கிறேன், அதனால் அறுதியாகச் சொல்ல மாட்டேன். கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்ந்து காசின் மதிப்பையே தாண்டியது. பல மாதம் காத்திருந்தேன். சேதமடைந்த காசு என்று முடிவு வந்தாலும் கட்டணம் போனதுதான். ஆனால் விற்கும்போது, நிறுவனம் காசை அடைத்துத் தரும் முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியை வாங்குபவர் மதிக்கிறார். நான் சொல்லும் எடையை அவர் அப்படி மதிப்பதில்லை.

என்னிடம் இப்போது ஓரம் கடிபட்ட 10 சென் ஒன்று இருக்கிறது. 2.61 கிராம், எதிர் விளிம்பு மங்கல், விட்டம் சரி. அதைத்தான் அனுப்பப் போகிறேன்.