வீட்டுக்கு வந்து "நியூமோனியா டெஸ்ட்" எடுப்பவர்களிடம் கவனம்

மட்டக்களப்பில், குறிப்பாகக் கல்லடிப் பக்கம் இருப்பவர்கள் இதை வாசியுங்கள். வீட்டுக்கே வந்து பதினைந்து நிமிடத்தில் நியூமோனியா இருக்கா இல்லையா என்று சொல்வதாக ஒரு தனியார் லாப் வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்புகிறது. என் மனைவியின் அப்பாவுக்கு இருமலும் காய்ச்சலும் தொடங்கிய இரவு அவர்களைக் கூப்பிட்டோம்.

வந்த தம்பி விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைப் பிளாஸ்டிக் தட்டில் விட்டார். ஒரு கோடு விழுந்தது. "நெகட்டிவ் அண்ணன், நியூமோனியா இல்ல. பனடோல் குடுங்க" என்றார். 4,500 ரூபா. ரசீதுப் புத்தகம் முடிந்துவிட்டதாம், ரிப்போட் வாட்ஸ்அப்பில் வருமாம். இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அடுத்த நாள் பின்னேரம் மாமா ஆள் மாறிப் பேசத் தொடங்கினார். மச்சானைத் தன் தம்பி என்று நினைத்து வயல் குத்தகைக் கணக்குக் கேட்டார். மூச்சும் இரைத்தது. 1990 அம்புலன்சுக்கு அடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒக்சிஜன் 88. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. நியூமோனியாதான்.

அந்தத் தம்பி குப்பைவாளியில் போட்ட பெட்டியை எடுத்துப் பார்த்தால், நியூமோனியா என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. அது சீஆர்பி டெஸ்ட். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் ஈரல் சுரக்கும் ஒரு புரதம்தான் சீஆர்பி. காலில் புண் பழுத்தாலும் கூடும். கூடுவதற்கும் மணித்தியாலங்கள் எடுக்கும், உச்சத்துக்கு வர இரண்டு நாள்வரை ஆகும். முதல் இரவில் குறைவாக இருந்தால் நியூமோனியா இல்லை என்று எப்படிச் சொல்வது? இங்கிலாந்தில் அன்டிபயோடிக் தேவையா என்று முடிவெடுக்க இதைப் பாவிக்கிறார்கள்தான். லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் வேண்டாம், 100க்கு மேல் என்றால் கொடு என்று. அதுவும் டொக்டர் நெஞ்சைச் சோதித்த பிறகு. இங்கே எண்ணே இல்லை, கோடு மட்டும்.

லாப்புக்கு அடித்தால், "நியூமோனியா பிறகு வந்திருக்கும்" என்கிறார்கள். காசைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள்.

யாராவது கிட்டோடு வந்தால் திறக்கமுன் பெட்டியைப் படம் எடுங்கள், டெஸ்டின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நியூமோனியாவுக்குச் சிறுநீரில் பார்க்கும் கிட்டும் இருக்கிறது. நியூமோகொக்கஸ் என்ற ஒரு கிருமியைத்தான் தேடும், அதையும் சிலவேளை தவறவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இருமல் என்றால் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, அதிலிருந்து 5 வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ, மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தாலோ நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே எக்ஸ்ரேக்குக் காசும் இல்லை.