மடக்கி வைப்பதா, விட்டுப் பிடிப்பதா: ஃபார்மில் கேன்சல் பட்டனும் கர்சரும்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை, மண்டி, கிரானைட் யார்டு என்று எங்கே போனாலும், உள்ளூர் ஆள் யாரோ எழுதிக் கொடுத்த டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்று எடைச்சீட்டும் பில்லும் போட்டுக்கொண்டிருக்கும். எழுதிய கருவி சிலதில் டெல்ஃபி, சிலதில் விபி6 (விஷுவல் பேசிக் 6), கொஞ்சம் புதுசு என்றால் டாட்நெட்டின் வின்ஃபார்ம்ஸ். எதில் எழுதியிருந்தாலும் ஆபரேட்டர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். ஃபார்மில், அதாவது தகவல் நிரப்பும் திரையில், ஒரு கட்டத்தில் ஏதோ தப்பு இருக்கிறது, அவர்களுக்கு வெளியே போக வேண்டும், மென்பொருள் விடமாட்டேன் என்கிறது.

எழுதுகிறவர்களில் இங்கே இரண்டு கட்சி. தப்பைத் திருத்தும்வரை கர்சரை அந்தக் கட்டத்தை விட்டு நகரவே விடக்கூடாது என்பது ஒன்று, அதை மடக்குகிற கட்சி என்று வைத்துக்கொள்வோம். எங்கே வேண்டுமானாலும் போகட்டும், சேவ் அமுக்கும்போது பிடித்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று, விட்டுப் பிடிக்கிற கட்சி. நான் இரண்டாவது கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆனால் முதல் கட்சிக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. தப்பு நடந்த இடத்திலேயே, நடந்த அந்த நொடியிலேயே சொன்னால்தான் ஆபரேட்டருக்கு உறைக்கும் என்பது அவர்கள் வாதம், அதில் பாதி உண்மை.

மீதிப் பாதிக்கு ஜிஎஸ்டி எண் கட்டத்தைப் பாருங்கள். பதினைந்து எழுத்து, முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண், கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. தமிழ்நாட்டுக்கு 33. எழுதியவர் 33-இல் ஆரம்பிக்காவிட்டால் தப்பு என்று ஒரு வரி போட்டுவிட்டார். நம் ஊர் இருக்கிற இடம் அப்படி, ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரா. பெங்களூரு பார்ட்டி என்றால் 29, குப்பத்துப் பார்ட்டி என்றால் 37. குப்பத்துப் பார்ட்டியின் எண்ணை அடித்தவுடன் "தவறான எண்" என்று ஒரு பெட்டி வருகிறது. சரி, கேன்சல் பண்ணிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று மவுஸில் கேன்சலை அமுக்கினால், அதற்குப் போவதும் கட்டத்தை விட்டு நகர்வதுதானே, மறுபடி அதே பெட்டி. வெளியே எடை மேடையில் லோடு வண்டி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். "அண்ணா, உள்ள போயிட்டேன், வெளிய வர வழி தெரியல" என்று எனக்குப் போன் வருகிறது. போன் செய்யாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 33-இல் ஆரம்பிக்கும் வேறு யாருடைய எண்ணையோ அடித்து சேவ் பண்ணிவிட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். மாற்றுவதே இல்லை. சுத்தமான தகவலுக்காகப் போட்ட பூட்டு, சோதனையில் பாஸாகிற பொய்த் தகவலைத்தான் உள்ளே கொண்டுவருகிறது.

மடக்குகிற வழியில் கேன்சலுக்கு மட்டும் ஒரு சந்து விட எல்லாக் கருவிகளிலும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் அது ஒவ்வொரு விதம், அங்கேதான் சிக்கல்.

விபி5 வரை, கர்சர் (ஃபோகஸ் என்பதும் இதைத்தான்) கட்டத்தை விட்டுப் போனதும் ஓடும் லாஸ்ட்ஃபோகஸ் நிகழ்வில் சோதித்து, தப்பென்றால் செட்ஃபோகஸ் போட்டு அதைத் திரும்ப இழுத்து வருவார்கள். இரண்டு கட்டத்துக்கும் இப்படிப் போட்டிருந்தால் ஒன்று இங்கே இழுக்க, இன்னொன்று அங்கே இழுக்க, நிற்கவே நிற்காது. 1998-இல் வந்த விபி6-இல் கர்சர் நகரும் முன்பே சோதிக்கும் வேலிடேட் நிகழ்வும், எந்தப் பட்டனுக்குப் போகும்போது சோதிக்க வேண்டும் என்று சொல்லும் காஸஸ்வேலிடேஷன் பண்பும் (செட்டிங்) வந்தன. கேன்சல் பட்டனில் அதை ஃபால்ஸ் என்று வைத்தால் சோதனை இல்லாமல் வெளியே வரலாம். ஆனால் என்டருக்கென்று ஒதுக்கிய டீஃபால்ட் பட்டனை என்டரால் இயக்கினால் கர்சர் நகர்வதே இல்லை, அதனால் கடைசியாக அடித்த கட்டத்தின் வேலிடேட் ஓடாது, தப்பான மதிப்பு நேராக சேவ் ஆகிவிடும். அதற்கு வேலிடேட்கண்ட்ரோல்ஸ் என்ற கட்டளையை நாமே கூப்பிட வேண்டும். வெளியே போகிறவனை மடக்கி, உள்ளே வருகிற தப்பை விட்டுவிடுகிற கதை.

டெல்ஃபியில் கட்டத்தை விட்டு வெளியேறும்போது ஓடும் ஆன்எக்ஸிட் நிகழ்வுக்கு 'விடாதே' என்று சொல்லும் வசதியே கிடையாது, எனவே ஆக்டிவ்கண்ட்ரோல் (இப்போது கர்சர் இருக்கும் இடம்) கேன்சல் பட்டனா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் திரும்ப இழுக்கிறார்கள். ஸ்பீட்பட்டன் என்ற பட்டன் வகையைப் போட்டால் அது ஃபோகஸ் வாங்காது, ஆன்எக்ஸிட் ஓடவே ஓடாது. கேன்சல் பட்டனுக்கு என்றால் அது வரம், சேவ் பட்டனுக்கு என்றால் சாபம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆக்டிவ்கண்ட்ரோலைப் பார்க்காமல், சாதாரண பட்டனில் கேன்சல் பண்பை மட்டும் ட்ரூ என்று வைத்திருந்தால், எஸ்கேப் அமுக்கினால் வெளியே வந்துவிடலாம், அதே பட்டனை மவுஸில் அமுக்கினால் மாட்டிக்கொள்வோம். மவுஸ்தான் கர்சரை நகர்த்துகிறது, எஸ்கேப் நகர்த்துவதில்லை.

வின்ஃபார்ம்ஸ் விபி6-இன் காஸஸ்வேலிடேஷனை அப்படியே எடுத்துக்கொண்டது, டாட்நெட் 2.0 வந்தபோது ஆட்டோவேலிடேட் என்ற பண்பும் சேர்ந்தது. அதில் எனேபிள்அலவ்ஃபோகஸ்சேஞ்ச் என்று வைத்தால் சோதனை ஓடும், ஆனால் கர்சர் மாட்டாது. இந்த ஒரு வரியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. பழைய வழியிலேயே இருக்கிறவர்களுக்கு ஜன்னலின் மூலையில் இருக்கும் எக்ஸ் ஒரு வம்பு: ஷோ என்று திறந்த ஃபார்மில் தப்பான கட்டம் இருந்தால் எக்ஸ் வேலை செய்யாது, ஃபார்ம்குளோசிங் நிகழ்வில் கேன்சல் என்ற மதிப்பை (மூடுவதைத் தடுக்கவா என்பது, பட்டன் இல்லை) ஃபால்ஸ் ஆக்கினால்தான் மூடும். அதே ஃபார்மை ஷோடயலாக் என்று, மூடும்வரை மற்ற ஜன்னலைத் தொட விடாத விதத்தில், திறந்தால் மூடும்போது சோதனையே கிடையாது, பேசாமல் மூடிவிடும். ஒரே ஃபார்ம், ஒரே புரோகிராம் வரிகள், திறந்த விதத்தைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. டூல்ஸ்ட்ரிப்பில் (ஜன்னலில் உள்ள பட்டன் பட்டை) சேவ் வைத்திருந்தால் டெல்ஃபி ஸ்பீட்பட்டன் கதைதான், ஃபோகஸ் நகராது, சோதனை ஓடாது.

ஜாவாவின் ஜன்னல் கருவியான ஸ்விங்கில் சோதிப்பது இன்புட்வெரிஃபையர், கேன்சல் பட்டனுக்கு செட்வெரிஃபைஇன்புட்வென்ஃபோகஸ்டார்கெட்டை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் ஆபரேட்டர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். வேலை செய்யும், ஆனால் வெரிஃபை முறைக்குள் மெசேஜ் பெட்டி திறக்கக்கூடாது, அந்தப் பெட்டியே ஃபோகஸைப் பிடுங்கும். விண்டோஸின் அடித்தளத்திலேயே இதே எச்சரிக்கை இருக்கிறது: ஃபோகஸ் போகிறது என்று சொல்லும் கில்ஃபோகஸ் செய்தியைக் கையாளும்போது எந்த ஜன்னலையும் திறக்காதீர்கள், புரோகிராம் பதில் சொல்லாமல் நின்றுபோகலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. மடக்குகிற கட்சிக்காரர்கள் முதலில் செய்வதே அதைத்தான்.

க்யூட்டி என்ற கருவி இந்தச் சண்டையில் இறங்குவதில்லை. வேலிடேட்டர் தப்பான எழுத்தை உள்ளே விடாது, அரைகுறையாக நின்றாலும் கர்சரை மடக்காது, எஸ்கேப் அமுக்கினாலும் எக்ஸ் அமுக்கினாலும் ரிஜெக்ட்தான், அதாவது கேன்சல்தான். டயலாக்கில் போடும் பட்டன்கள் தாமாகவே ஆட்டோடீஃபால்ட் ஆகிவிடுவதால் என்டர் எதையாவது இயக்கிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மடக்குகிற வழி அடியோடு தோற்கும் இடம் இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது. லோடு எடை 8,420 கிலோ, காலி வண்டி எடை 9,100 என்று இருக்கிறது. எது தப்பு? மடக்குகிற மென்பொருள் கடைசியாகத் தொட்ட கட்டத்தைக் குற்றவாளியாக்கி அதிலேயே நிறுத்தும், உண்மையில் தப்பு முதல் கட்டத்தில் இருக்கலாம், அங்கே போகவோ வழியில்லை. விட்டுப் பிடித்தால் இரண்டு கட்டமும் சிவப்பாகும், ஆபரேட்டர் சீட்டைப் பார்த்து எதைத் திருத்துவது என்று அவரே முடிவெடுப்பார்.

விட்டுப் பிடிக்கிற வழிக்கும் குறை உண்டு. முப்பது கட்டம் உள்ள ஃபார்மில் எல்லாம் முடித்து சேவ் அமுக்கியபின் ஏழு தப்பு என்று பட்டியல் நீட்டினால் யாருக்கும் கோபம்தான் வரும். அதனால் சுத்தமாகக் கடைசிவரை வாய் மூடி இருக்கச் சொல்லவில்லை. கட்டத்தை விட்டு நகரும்போதே சோதியுங்கள், பக்கத்தில் சிவப்புக் குறி போடுங்கள், கர்சரை மட்டும் விடுங்கள். சேவ் அமுக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, முதல் தப்புக்குக் கர்சரைக் கொண்டுபோய் உள்ளே இருப்பதை மொத்தமாக செலக்ட் பண்ணி வையுங்கள். அது ஃபார்மின் வேறு டேப் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தையும் திறக்க வேண்டும், இதை மறப்பவர்கள்தான் அதிகம். பார்ட்டி கோடு மாதிரி, அதைப் பொறுத்தே பெயரும் ரேட்டும் வருகிற கட்டமென்றால், கோடு தப்பானவுடன் பெயரையும் ரேட்டையும் காலியாக்கிவிடுங்கள், பழைய பார்ட்டியின் ரேட் அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் உண்மையான ஆபத்து. தப்பு இருக்கும்வரை சேவ் பட்டனை மங்கலாக்கி வைப்பது எனக்குப் பிடிக்காது. ஏன் அமுக்க முடியவில்லை என்று பட்டன் சொல்லாது.

அடுத்து கேன்சல் அமுக்கியபின் என்ன செய்வது. பேசாமல் மூடுவது, எப்போதும் கேட்பது, மாற்றம் இருந்தால் மட்டும் கேட்பது என்று மூன்று வழி. முதலாவது சின்ன டயலாக்குக்குச் சரி. ரேட் மாற்றும் இரண்டு கட்டப் பெட்டிக்குக் கேள்வி எதற்கு? எப்போதும் கேட்பது மூன்றிலும் மோசம், ஏனென்றால் ஒன்றுமே தொடாமல் திறந்து மூடுகிறவரிடம் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால், உண்மையிலேயே கேட்க வேண்டிய நேரத்தில் அவர் படிக்காமலே ஆம் அமுக்கிவிடுவார். மூன்றாவதுதான் என் தேர்வு, ஆனால் மாற்றம் இருக்கிறதா என்பதை எழுத்து மாறினால் ஓடும் டெக்ஸ்ட்சேஞ்ச்டு நிகழ்வில் 'மாறிவிட்டது' என்று கொடி ஏற்றிக் கண்டுபிடிக்காதீர்கள், ஃபார்ம் திறக்கும்போது நாமே மதிப்புகளை நிரப்பினாலும் அந்த நிகழ்வு ஓடும். திறந்தபோது இருந்த மதிப்புகளை வைத்துக்கொண்டு கடைசியில் ஒப்பிடுங்கள், அடித்துவிட்டுப் பழையபடியே திருத்தியவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

அந்தக் கேள்விப் பெட்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் யெஸ், நோ மட்டும் உள்ள மெசேஜ்பாக்ஸில் எஸ்கேப் வேலை செய்யாது, எக்ஸும் மங்கியிருக்கும். வெளியே வர எஸ்கேப் அமுக்கினவரை எஸ்கேப் செல்லாத பெட்டிக்குள் தள்ளுகிறோம். "மாற்றங்களை விட்டுவிடு", "திருத்தத்துக்குத் திரும்பு" என்று இரண்டு பட்டனுடன் சொந்தமாக ஒரு சின்ன ஃபார்ம் போட்டு, எஸ்கேப் என்றால் திரும்பு என்று வையுங்கள். திரும்பும்போது கர்சர் முன்பு இருந்த கட்டத்திலேயே இருக்க வேண்டும்.

எஸ்கேப்புக்குப் படி உண்டு. காம்போ (கீழே விரியும் பட்டியல்) விரிந்திருந்தால் முதல் எஸ்கேப் அதை மூடட்டும், கிரிடில் (அட்டவணை) ஒரு செல்லைத் திருத்திக்கொண்டிருந்தால் அந்தத் திருத்தம் மட்டும் போகட்டும், அதற்கப்புறம்தான் ஃபார்ம். டாட்நெட்டின் இன்னொரு ஜன்னல் கருவியான டபிள்யூபிஎஃப்பின் டேட்டாகிரிடில் முதல் எஸ்கேப் செல்லுக்கு, இரண்டாவது வரிசைக்கு என்று ஏற்கெனவே அப்படித்தான். ஸ்விங்கின் ஃபார்மேட்டட்டெக்ஸ்ட்ஃபீல்டும் எஸ்கேப்பைத் தன் மதிப்பை மீட்கப் பயன்படுத்திக்கொள்கிறது, டயலாக் ஏன் மூடவில்லை என்று குழம்புகிறவர்கள் அங்கே பார்க்கலாம்.

என்டர் வேறு பஞ்சாயத்து. விண்டோஸ் மரபில் டேப் நகர்த்தும், என்டர் ஓகே. இங்கே கணக்கு எழுதுகிறவர்கள் டாலி கணக்கு மென்பொருளில் கை பழகியவர்கள், என்டர் என்றால் அடுத்த கட்டம். பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிட என்டரில் இயங்கும் அக்செப்ட்பட்டன் அமைப்பை எடுத்துவிட்டு என்டரை நகரவும், கன்ட்ரோல் ஏ-வை சேவுக்கும் வைத்துவிடுங்கள். கன்ட்ரோல் ஏ எல்லாவற்றையும் செலக்ட் பண்ண வேண்டாமா என்று கேட்பவர்கள் எடைச்சீட்டு போடுகிறவர்கள் இல்லை. டபிள்யூபிஎஃப்பில் இஸ்டீஃபால்ட் பட்டனை என்டரால் இயக்கினால் கர்சர் கட்டத்தை விட்டு நகராது, பைண்டிங் (கட்டத்தைத் தகவலோடு இணைப்பது) லாஸ்ட்ஃபோகஸில் ஓடுவதாக இருந்தால் கடைசியாக அடித்த மதிப்பு சேவ் ஆகாது. என்டரை நகர்த்த வைத்தால் அந்தத் தொல்லையும் போகிறது.

கேன்சல் என்றால் உண்மையிலேயே எதுவும் மாறியிருக்கக்கூடாது. ஃபார்மை நேராக அசல் தகவலோடு பைண்ட் பண்ணி வைத்துவிட்டு கேன்சலில் ஃபார்மை மட்டும் மூடினால் பின்னால் உள்ள பட்டியலில் பெயர் மாறிப்போயிருக்கும். நகல் எடுத்து, திருத்தி, சேவ் ஆனால் மட்டும் அசலில் எழுதுவது எளிது. திருத்தத்தைத் தொடங்கி, வேண்டாமென்றால் பழையபடி மீட்கும் பிகின்எடிட், கேன்சல்எடிட் வழி நல்லதுதான், ஆனால் உள்ளே இன்னொரு பட்டியல் இருக்கும் பில்லுக்கு அதை ஒழுங்காக எழுதுவது பெரிய வேலை. வின்ஃபார்ம்ஸில் ஷோடயலாக்கில் திறந்த ஃபார்ம் மூடும்போது அழிவதில்லை, ஒளிந்துகொள்கிறது. அதையே மறுபடி திறந்தால் கேன்சல் செய்த குப்பை உள்ளேயே இருக்கும்.

பழைய விபி6, டெல்ஃபி புரோகிராமை வைத்துக்கொண்டிருப்பவர்கள் முழுக்க மாற்றி எழுத வேண்டாம். முதல் வேலையாகக் கேன்சல் பட்டனுக்குச் சோதனையை நிறுத்துங்கள், அடுத்து மடக்குகிற கட்டங்களில் மெசேஜ் பெட்டியை எடுத்துவிட்டுக் கட்டத்தின் நிறத்தை மட்டும் மாற்றுங்கள், அதே சோதனைகளை ஒரு ஃபங்ஷனில் சேர்த்து சேவில் கூப்பிடுங்கள். அப்புறம் மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தப்பாக அடித்து எஸ்கேப்பால் வெளியே வர முடிகிறதா என்று ஒரு சுற்று பாருங்கள். மாங்காய் சீசன் ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட்டால் நல்லது, ஆரம்பித்துவிட்டால் ஜூலை வரை அந்தக் கம்ப்யூட்டரைத் தொட யாரும் விடமாட்டார்கள்.