இன்வெஸ்ட்டா, ஊராள் கீறும் வரைபடமா?

மட்டக்களப்பு வாவிக்கரைக் கண்டல் காடுகளின் பயனை நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில் சேர்க்க இரண்டு வழி. ஒன்று, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான, இயற்கை தரும் பயனைக் கணக்கிடும் இன்வெஸ்ட் மென்பொருள்; இலவசம். நிலப்பயன்பாட்டு வரைபடத்தோடு ஒவ்வொரு நிலவகையிலும் எவ்வளவு கார்பன் சேர்ந்திருக்கிறது என்ற அட்டவணையும் கொடுத்தால், கண்டலை வெட்டி இறால் பண்ணை போட்டால் எவ்வளவு கார்பன் போகும் என்று கணக்குப் போட்டுத் தரும், ஆனால் அட்டவணையில் வேறு நாட்டு எண்களைப் போட்டால் வருவதும் அந்த நாட்டு விடைதான்.

மற்றது, செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக அச்சடித்து, தோணிக்காரர் முன் விரித்து, பேனையைக் கையில் கொடுப்பது. இறால் குஞ்சு எங்கே ஒதுங்கும், மாரி வெள்ளம் எந்த வயலில் நிற்கும், எல்லாம் கோடாக வரும் (கோடு எங்கே என்று சண்டையும் வரும்). தொகை கேட்கும் அதிகாரிக்கு இது மட்டும் போதாது.

என்னைக் கேட்டால் முதலில் பேனை. அந்தக் கோடுகளை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, ராஸ்டராக (சிறு கட்டங்களால் ஆன படமாக) மாற்றி, அப்புறம் இன்வெஸ்ட்டுக்குக் கொடுக்கலாம்.