வெள்ளிப் போர் பேட்ஜ் வாங்குபவர்கள் கவனத்துக்கு: எனக்கு 260 பவுண்டு போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் எனக்கு எண் மாற்றிய பேட்ஜை விற்ற ஆள் அதே இணைய ஏலத்தளத்தில் இன்றும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறான்.

முதல் உலகப் போரில் காயத்தாலோ நோயாலோ பிரிட்டிஷ் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு 1916 செப்டம்பரிலிருந்து இந்த வெள்ளிப் போர் பேட்ஜைக் (சில்வர் வார் பேட்ஜ்) கொடுத்தார்கள். சாதாரண உடையில் நடமாடும் இளைஞர்களைக் கோழை என்று சொல்லி, கையில் வெள்ளை இறகைத் திணித்த காலம் அது. நுரையீரல் கெட்டுத் திரும்பியவன் அதை எப்படி வெளியே காட்டுவான்? வலது மார்பில் இந்த பேட்ஜைக் குத்திக்கொண்டான். சுமார் பதினொன்றரை லட்சம் பேருக்கு வழங்கியதால் இது அபூர்வப் பொருள் இல்லை. ஆனால் பின்பக்கத்தில் ஒரு எண் இருக்கும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக ஆளின் பெயர், ரெஜிமென்ட், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, காரணம் எல்லாம் இருக்கும். 1940இல் லண்டன் மீது ஜெர்மனி நடத்திய குண்டுவீச்சில் படைவீரர்களின் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. பலருக்கு மிஞ்சியதே இந்த ஒரு வரிதான்.

விற்றவன் பேட்ஜோடு பதிவேட்டுப் பக்கத்தின் படத்தையும் அனுப்பினான். மிடில்செக்ஸ் ரெஜிமென்ட், 1914இல் சேர்ந்தவர், 1917இல் காயம் காரணமாக விடுவிப்பு. நானும் தேடிப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. கேள்வி கேட்டால் உடனே பதில், அதுவும் அவ்வளவு மரியாதையாக. அங்கேதான் நம்பினேன். சாதாரணமாக இதற்கு இவ்வளவு விலை கிடையாது. அந்த மனிதரின் கதைக்காகத்தான் 260 பவுண்டு கொடுத்தேன்.

அப்புறம் குடும்ப மரத் தளம் ஒன்றின் வழியாக அவருடைய கொள்ளுப்பேத்தியைக் கண்டுபிடித்து எழுதினேன். அவர் ஒரு படம் அனுப்பினார். அதே எண்ணுள்ள பேட்ஜ், மன்னரின் விடுவிப்புச் சான்றிதழோடு, அவர் வீட்டிலேயே இருக்கிறது. "அப்படியென்றால் உங்களிடம் இருப்பது என்ன?" என்று கேட்டார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எண்ணைச் சுற்றி வெள்ளி லேசாகக் குழிந்திருந்தது, அரம் போட்ட கீறல்கள் தெரிந்தன. 7க்கு அடியில் பழைய எண் ஒன்றின் வால் மட்டும் மிச்சம். ஆக, பேட்ஜ் அசல். வேறு யாரோ ஒருவருடைய எண்ணைச் சுரண்டிவிட்டு, பதிவேட்டில் நல்ல கதையாகத் தேடி எடுத்த எண்ணை அடித்திருக்கிறான். அந்த இன்னொருவர் யாரென்று இனி யாராலும் சொல்ல முடியாது. பணத்தைவிட இதுதான் என் வயிற்றைப் பற்றவைக்கிறது.

அவனைக் கேட்டதற்கு, "தொலைத்தவர்களுக்கு மாற்று பேட்ஜ் கொடுத்தார்கள், இது அதுதான்" என்றான். பச்சைப் பொய். தொலைந்தால் மாற்று தரக்கூடாது என்பதுதான் அன்றைய விதி. கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தால் போர்த்துறைக்குப் போகும், அங்கிருந்து உரியவரைத் தேடுவார்கள், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் ஆள் வாயே திறக்கவில்லை.

தளத்துக்காரர்கள் இன்னும் மோசம். முதலில் "திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டது" என்றார்கள். பிறகு "வெள்ளி, எண் உள்ளது, விளம்பரத்தில் சொன்னபடியேதான் இருக்கிறது" என்றார்கள். நிபுணர் கடிதம் கேட்டார்கள். பதக்க வியாபாரி ஒருவரிடம் எழுதி வாங்கி அனுப்பினேன். "புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரு தானியங்கி மெயில் வந்தது. 260 பவுண்டு!

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பின்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், குழி தெரிந்தால் விடுங்கள். பதிவேட்டுப் பக்கம் யாருக்கும் கிடைக்கும், அது அத்தாட்சி ஆகாது. இரண்டாம் உலகப் போரில் இதே காரணத்துக்குக் கொடுத்த கிங்ஸ் பேட்ஜில் எண்ணே கிடையாது. அதை "இன்னாருடையது" என்று சொல்லி விற்றால், கூடவே காகிதம் எதுவும் இல்லையென்றால், கிட்டவே போகாதீர்கள். அந்த ஆள் நேற்று அப்படி ஒன்றையும் ஏலத்தில் போட்டிருக்கிறான்.