கிராக்கோவ், கதான்ஸ்க்: விடுமுறைக்கு எது?

போலந்தில் ஒரே ஒரு நகரத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் பலரும் கிராக்கோவையே பரிந்துரைப்பர். 1978இலேயே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அதன் பழைய நகரமும், வாவெல் கோட்டையும், அருகிலுள்ள வியலிச்கா உப்புச் சுரங்கமும் அந்தப் பரிந்துரைக்கு முழுத் தகுதி உடையவையே. ஆயினும் என் தேர்வு பால்டிக் கடலோரத்துக் கதான்ஸ்க்தான். இரண்டாம் உலகப் போரில் இடிந்து, பின்னர் பழைய முகப்புகளோடு மீட்டெழுப்பப்பட்ட வீதிகளில் நடந்துவிட்டு, 1980இல் தொழிலாளர் தலைவர் லேக் வலேசா தலைமையில் வேலைநிறுத்தம் நடந்த கப்பல் கட்டும் தளத்தருகே 2014இல் திறக்கப்பட்ட ஐரோப்பிய சாலிடாரிட்டி மையத்தில் (சாலிடாரிட்டி என்பது அந்த வேலைநிறுத்தத்திலிருந்து பிறந்த தொழிற்சங்கம்) அந்தப் போராட்டத்தின் வரலாற்றை நிதானமாகப் பார்ப்பது மனத்தை உலுக்கும் அனுபவம். இதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். கோடையில் சோபாட் கடற்கரைக்கு உள்ளூர் ரயிலிலேயே சென்று வரலாம். கடற்காற்றுக்கு அஞ்சுபவர்கள் மட்டும் குளிர்காலத்தில் கிராக்கோவைத் தேர்ந்தெடுக்கலாம்.