ஆட்டோகேட்டில் தோட்ட வேலைக்கென ஒரு மெனு: சுங்கை சிப்புட் கடை ஒன்றின் சேவை

சுங்கை சிப்புட் பட்டணத்தில், பிளான் அச்சடிப்பதையும் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்வதையும் முதன்மைத் தொழிலாகக் கொண்ட சிறு கடை ஒன்று, ஆட்டோகேட் என்ற கணினி வரைவு மென்பொருளைப் பயன்படுத்தும் அலுவலகங்களுக்கு அவரவர் வேலைக்கேற்ற கீழிறங்கு மெனுக்களையும் (மேல்பட்டையில் சொடுக்கினால் கீழே விரியும் கட்டளைப் பட்டியல்கள்) எழுதிக் கொடுக்கிறது. செம்பனைத் தோட்டங்களுக்கும் சிறு நில உரிமையாளர்களுக்கும் எல்லை வரைபடம், வடிகால் வரைபடம், மறுநடவுத் திட்டம் ஆகியவற்றை வரைந்து கொடுக்கும் எங்கள் அலுவலகம் அக்கடையிடம் அப்படி ஒரு மெனுவை எழுதி வாங்கியது. இந்த வேலைக்கு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டியதில்லை, இங்கேயே ஆள் இருக்கிறார் என்பது இவ்வட்டாரத்தில் பலருக்குத் தெரியாது. ஆகையால் வாங்கியதன் நிறைகுறைகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படச்சின்னப் பொத்தான்களை அகலப் பட்டையாகக் காட்டும் ரிப்பன் வந்த பிறகு கீழிறங்கு மெனு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட்டுக்கு இவ்வகை மெனு 1987-இல், ஒன்பதாம் வெளியீட்டில்தான் கிடைத்தது. 2009 பதிப்பில் ரிப்பன் வந்தபோது அது திரையிலிருந்து மறைக்கப்பட்டதே தவிர, நீக்கப்படவில்லை. மெனுபார் என்று தட்டச்சு செய்து மதிப்பை 1 ஆக்கினால் இன்றும் அது மேலே வந்து நிற்கும். சிறிய மடிக்கணினித் திரையில் வேலை செய்யும் எங்களுக்கு அதில் இரண்டு வசதிகள் தெரிகின்றன. சாளரத்தின் அகலம் குறையும்போது ரிப்பன் தன் பொத்தான்களைச் சுருக்கி உள்ளே தள்ளிவிடுகிறது. மெனுவோ எப்போதும் அதே வரிசையில் விரிகிறது. மேலும், படச்சின்னத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய தேவையில்லாமல் வேலையின் பெயர் எழுத்தில் இருப்பதால், புதிதாக வந்த பயிற்சியாளர்கூட அதைப் படித்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

கடையை நடத்துபவர் முன்பு வரைவாளராகவே வேலை பார்த்த ஒரு பெண்மணி. அவர் வந்தவுடன் நிரல் எழுத உட்காரவில்லை. எங்கள் மூத்த வரைவாளரின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, அவர் வேலை செய்வதைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். மெனு அச்சிட்ட டிஜிடைசர் பலகையைத் தட்டி வரைந்த காலத்தில் தொழில் பழகிய எங்கள் மூத்தவர், "தங்கச்சி, எல்லாக் கட்டளையையும் உள்ள போட்டுக் கொடுத்துடுங்க" என்றார். அதற்கு அவர், "அண்ணே, உங்க விரலுக்குத் தெரிஞ்சதை மெனுவுல போட்டா உங்களுக்குத்தான் வேலை கூடும்" என்று பதில் சொன்னார். அந்தப் பதில்தான் இந்தச் சேவையின் மதிப்பை எனக்கு உணர்த்தியது. கோடு வரைய ஓர் எழுத்து, இணைகோட்டுக்கு ஓர் எழுத்து, வெட்டுவதற்கு இரண்டெழுத்து என்று கை தானாகத் தட்டும் கட்டளைகளை மெனுவில் தேடிப் போவது வீண். எப்போதாவது வருவனவும், பல அமைப்புகளை வரிசையாக மாற்ற வேண்டியவையும், ஒன்றை மறந்தால் வரைபடமே கெட்டுவிடக்கூடியவையும்தான் மெனுவுக்கு உரியவை. எங்களுக்கு எழுதப்பட்ட மெனுவில் லைன், டிரிம் போன்ற ஒன்றுகூட இல்லை.

மெனுவின் தலைப்பு 'லாடாங்' (தோட்டம்) என்று மேல்பட்டையில் நிற்கிறது. அதனுள் செம்பாடான், பாரிட், ஜாலான் என்று எல்லை, வடிகால், தோட்டப் பாதை ஆகியவை மலாய்ப் பெயர்களில் வருகின்றன. எங்கள் பிளான்கள் நில அலுவலகத்துக்குப் போகின்றவை என்பதாலும், அலுவலகத்தில் மூவினத்தவரும் இருப்பதாலும் அந்தத் தேர்வு சரியானதே.

ஆட்டோகேட்டோடு வரும் மூல மெனுக் கோப்பை அவர் தொடவில்லை என்பதைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். 2006 பதிப்புக்கு முன் மெனு என்பது எவரும் திறந்து திருத்தக்கூடிய வெறும் உரைக் கோப்பாக இருந்தது. அதன்பின் சி.யூ.ஐ. என்ற வடிவமும், 2010 பதிப்பிலிருந்து சி.யூ.ஐ.எக்ஸ். என்ற பொதிந்த வடிவமும் வந்தன. பலர் மூலக் கோப்பிலேயே தங்கள் வரிகளைச் செருகிவிட்டு, அடுத்த பதிப்புக்கு மாறும்போது எல்லாவற்றையும் இழந்து நிற்பார்கள். இவர் தனிக் குழுப்பெயர் கொண்ட பகுதி மெனுவாக, அதாவது மூல மெனுவோடு கூடுதலாக ஏறும் தனிக் கோப்பாக, அதை எழுதி, சி.யூ.ஐ.லோட் கட்டளையால் ஏற்றிக் கொடுத்தார். கோப்பு அலுவலகச் சர்வரில் படிக்க மட்டும் உரிமையுள்ள கோப்புறையில் இருக்கிறது. அதே பெயரில் எம்.என்.எல். என்ற முடிவோடு அருகில் வைக்கப்பட்ட லிஸ்ப் கோப்பு (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் ஆட்டோலிஸ்ப் மொழியில் எழுதிய நிரல்) மெனுவோடு தானாக ஏறிவிடுகிறது. அந்தக் கோப்புறையை நம்பத்தக்க இடங்களின் பட்டியலில் சேர்த்தும் கொடுத்ததால், ஒவ்வொரு காலையும் பாதுகாப்பு எச்சரிக்கை எழுந்து தொல்லை கொடுப்பதில்லை.

நிரலின் தரத்தை அறிய 'பாரிட்' என்ற ஒரே வரியைப் பார்த்தால் போதும். மெனு மேக்ரோவில், அதாவது மெனு வரியைத் தேர்ந்தவுடன் ஓடும் கட்டளைத் தொடரில், ஒவ்வொரு குறிக்கும் ஒரு வேலை உண்டு. தொடக்கத்தில் இருமுறை வரும் கேரட் குறியும் சி எழுத்தும் நடந்துகொண்டிருக்கும் கட்டளையை நிறுத்தும். அரைப்புள்ளி என்டர் விசைக்குச் சமம். பின்சாய்வுக்கோடு பயனர் ஒரு புள்ளியையோ எண்ணையோ தரும்வரை காத்திருக்கும். கட்டளைப் பெயருக்கு முன் அடிக்கோடு இட்டால் எம்மொழிப் பதிப்பிலும் அது வேலை செய்யும். புள்ளி இட்டால், யாரேனும் அக்கட்டளையை மாற்றி வரையறுத்திருந்தாலும் மூலக் கட்டளையே இயங்கும். இவ்விரண்டும் அவர் எழுதிய எல்லா வரிகளிலும் தவறாமல் இருக்கின்றன.

வடிகாலுக்குச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வடிகால் எத்தனை வளைவு வளையும் என்று முன்கூட்டியே தெரியாது. ஒரு பின்சாய்வுக்கோடு ஒரு புள்ளிக்குத்தான் காத்திருக்கும் என்பதால், எத்தனை பின்சாய்வுக்கோடுகள் இடுவது என்று மேக்ரோவில் சொல்ல வழியில்லை. பல துண்டுகளை ஒரே கோடாக வரையும் பாலிலைன் கட்டளையைத் தொடங்கிவிட்டு மேக்ரோவை முடித்துவிடலாம். ஆனால் வரைந்து முடித்தபின் பழைய லேயருக்கு (ஒவ்வொரு வகைக் கோட்டையும் தனியே வைக்கும் வரைபட அடுக்கு) திரும்புவது அப்போது நடக்காது. அடுத்து வரையும் பாதையும் வடிகால் லேயரில் போய் விழும். எங்கள் பழைய கோப்புகளில் இந்தக் குழப்பம் நிறையவே கிடக்கிறது. இவர் அந்த வேலையை மேக்ரோவிலிருந்து எடுத்து, 1986-இலிருந்தே ஆட்டோகேட்டில் இருந்துவரும் ஆட்டோலிஸ்ப் மொழிக்குக் கொண்டுபோனார். கட்டளை உயிரோடு இருக்கும்வரை பயனரின் உள்ளீட்டுக்குக் காத்திருந்து, அது முடிந்ததும் லேயரைப் பழைய நிலைக்கு மாற்றும் சிறு சுழற்சி அது. முழுவதும் ஒரே செயலாகத் தொகுக்கப்பட்டிருப்பதால், ஒருமுறை யூ தட்டினால் மொத்தமும் பின்வாங்குகிறது. மெனு வரியோ அந்த லிஸ்ப் செயலின் பெயரை மட்டும் அழைக்கிறது.

எங்களுக்கு மிகவும் பயன்பட்டவை சங்கிலி அளவும் நடவுக் கணக்கும். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட துண்டாடல் காலத்துப் பழைய பிளான்கள் சங்கிலி, லிங்க் அளவில் இருக்கின்றன. ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.1168 மீட்டர், அதில் நூறு லிங்க், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மெனுவில் சங்கிலி முறையைத் தேர்ந்துகொண்டு 12.45 என்று அடித்தால் கோடு 250.45 மீட்டருக்கு விழுகிறது. எந்த முறையில் இருக்கிறோம் என்பது மெனுவிலேயே சரிக்குறியாகத் தெரிகிறது. டீசல் என்ற சிறுமொழியில் எழுதிய அந்த வரி, யூசர்ஐ1 என்ற மாறியைப் பார்த்துவிட்டுக் குறியை இடுகிறது. அந்த மாறியின் மதிப்பு வரைபடத்தோடு சேமிக்கப்படுவதால், சங்கிலியில் தொடங்கிய கோப்பை இன்னொருவர் வேறு கணினியில் திறந்தாலும் அதே முறையில்தான் திறக்கிறது. பார்வைக்குச் சிறிய விஷயமாயினும், அளவைகள் கலந்து எல்லை பிசகாமல் காப்பது அதுதான்.

நடவுக்கு, எல்லைக் கோட்டைத் தொட்டு, வரிசையின் திசைக்கு இரண்டு புள்ளிகளைக் காட்டி, இடைவெளியைக் கொடுத்தால் போதும். 9 மீட்டர் முக்கோண நடவென்றால், வரிசைகள் 7.79 மீட்டர் இடைவெளியில் அமைந்து, ஒன்றுவிட்டு ஒன்று 4.5 மீட்டர் நகர்ந்து, ஹெக்டருக்கு ஏறத்தாழ 143 கன்றுகள் என்ற கணக்கில் புள்ளிகள் விழுகின்றன. எல்லைக்குள் எத்தனை கன்று, எத்தனை ஹெக்டர், எத்தனை ஏக்கர் என்பதும் ஓரத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) கன்றுகளுக்குச் சொல்லிவைக்க அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்பார். மேட்டு நிலத்தில் படிக்கட்டு வெட்டி நடும் பிளாக்குகளுக்கு இது பொருந்தாது என்று கடைக்காரர் முன்னரே சொல்லிவிட்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

குறைகளும் இருந்தன. முதலில் கொடுத்த லிஸ்ப் செயல்களில், நடுவில் எஸ்கேப் தட்டினால், சுட்டியைக் கோட்டின் முனைபோன்ற சரியான புள்ளியில் ஒட்டவைக்கும் ஆப்ஜெக்ட் ஸ்நாப் அணைந்தபடியே நின்றுவிட்டது. செயல் ஓடும்போது ஸ்நாப்பை அணைத்துவிட்டு முடிவில் மீட்பது வழக்கம். இடையில் நிறுத்தினால் முடிவு வரி எட்டப்படாது, ஆகவே பிழை கையாளும் பகுதி ஒன்று தனியே எழுதப்பட வேண்டும். அது விடுபட்டிருந்தது. ஸ்நாப் இல்லாமல் வரைந்த எல்லைக்கோடுகள் கண்ணுக்கு ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்து, பரப்பளவு கேட்கும்போதுதான் மூடாத கோடு என்று காட்டிக்கொடுத்தன. சொன்னதும் கட்டணமின்றி எல்லாச் செயல்களிலும் சரிசெய்து கொடுத்தார். என்றாலும் நில எல்லை சம்பந்தப்பட்ட வேலையில் இது முதல் நாளே இருந்திருக்க வேண்டிய பாதுகாப்பு. பாதைக் குறியீடுகள் மூன்றாம் அடுக்கு உள்மெனுவில் கிடப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. சுட்டி சற்று விலகினாலும் மெனு மூடிக்கொள்கிறது. விளக்கக் குறிப்பாகக் கொடுக்கப்பட்ட ஒரே தாள், அவர் நேரில் சொன்னதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

கட்டணம் மெனுவுக்கு 600 வெள்ளி (ரிங்கிட்). நடவுக் கணக்கு போன்ற பெரிய லிஸ்ப் செயல்களுக்குத் தனி விலை. லிஸ்ப் கோப்புகள் கணினி மட்டுமே படிக்கும் வடிவில் தொகுக்கப்படாமல், திறந்து படிக்கும்படியாகவே தரப்பட்டன. இதை எங்கு வாங்கினாலும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். தொகுத்த கோப்பாக வந்தால், ஒரு லேயரின் பெயரை மாற்றுவதற்குக்கூட எழுதியவரிடமே போக வேண்டியிருக்கும்.

ஆட்டோகேட்டின் வசதி குறைந்த வடிவமான எல்.டி. வைத்திருப்பவர்கள் தங்கள் பதிப்பைச் சொல்லிவிட்டே பேச வேண்டும். எல்.டி.யில் ஆட்டோலிஸ்ப் 2024 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தையதில் மேக்ரோ மட்டுமே ஓடும், சங்கிலிக் கணக்கும் நடவுக் கணக்கும் அதில் நடவா. ஆட்டோகேட்டைப் போன்ற இன்னொரு மென்பொருளான பிரிக்ஸ்கேட் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை. கடைக்குப் போகும்போது உங்கள் லேயர் பட்டியலோடு, முடிக்கப்பட்ட உண்மையான வரைபடங்கள் சிலவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்கும் முதல் பொருள் அதுதான்.