கேட்டில் நடக்கும் சோதனை: ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியின் எட்டு மாதச் சேவை

திருப்பூரில் ஏறத்தாழ நானூறு பேர் வேலை பார்க்கும் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். எட்டு மாதங்களாக எங்கள் கேட்டைக் கவனித்துவரும் தனியார் செக்யூரிட்டி ஏஜென்சியைப் பற்றி, அதிலும் வேலை முடிந்து வெளியேறுவோரை அவர்கள் சோதனையிடும் விதத்தைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதாலும் அதுபற்றிய பேச்சு இன்னும் முடியாததாலும் ஏஜென்சியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முன்பு இருந்தவர்கள் பையை வாங்கி மேசைமேல் கவிழ்த்துக் கொட்டுவார்கள். ஒருநாள் மாலை, ஷிப்ட் விட்டு ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்கையில், ஒரு பெண்ணின் பையிலிருந்து டிபன் பாக்ஸோடு சானிட்டரி நாப்கினும் வந்து விழுந்தது. நல்ல ஓவர்லாக் டைலர். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. ஏஜென்சியை மாற்றியாக வேண்டும் என்று நான் முதலாளியிடம் வற்புறுத்தியது அதன் பிறகுதான்.

புதிய ஏஜென்சியின் உரிமையாளர் முதல் சந்திப்பிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: தன் காவலர்களுக்கு யாரையும் சோதனையிடும் சட்ட அதிகாரம் கிடையாது. அது உண்மைதான். கைது செய்யப்பட்டவரைச் சோதனையிட, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49ஆம் பிரிவு காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. அங்கும்கூட பெண்ணை இன்னொரு பெண்தான், கண்ணியத்துக்குக் குறைவு வராமல், சோதிக்க வேண்டும். கேட்டில் நிற்கும் தனியார் காவலருக்கோ எதிரில் நிற்பவரின் சம்மதம் ஒன்றே ஆதாரம். பணி நியமனக் கடிதத்தில் சோதனைக்கு உடன்படுவதாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம் என்றாலும், அந்த ஒரு வரியைக் காட்டி, மறுப்பவர்மீது கை வைத்துவிட முடியாது. மறுத்தால் மேற்பார்வையாளரை அழைத்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அவரைப் போக விட வேண்டும் என்பதே இவர்களுடைய நடைமுறை. வழியை மறித்து நிறுத்தினால், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவின்படி நாம்தான் குற்றவாளி ஆவோம். கண்ணெதிரே திருட்டுப் பிடிபட்டு, தனிநபர் ஒருவர் கைது செய்ய நேர்ந்தாலும், தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்து விசாரிக்கும் பழைய வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

நடைமுறையில் இது எப்படி இருக்கிறது என்பதை அறிய ஒரு வாரம் மாலைதோறும் கேட்டருகே நின்று பார்த்தேன். பெண்களுக்குத் தனி வரிசை, திரைச்சீலை கட்டிய சிறு தடுப்பு, உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் காவலர். “பைய நீங்களே தொறந்து காட்டுங்க, கண்ணு” என்பதற்கு மேல் அவர் பேசுவதில்லை. பைக்குள் கை விடுவதுமில்லை, டார்ச் அடித்துப் பார்ப்பதோடு சரி. உலோகம் இருந்தால் கத்தும் கைக்கருவியை உடலிலிருந்து நாலு விரற்கடை தள்ளியே பிடிக்கிறார். மார்பருகே அது கத்தியபோது, “ஊக்குங்களா?” என்று கேட்டார். அந்தப் பெண் தாலிக்கொடியைத் தானே வெளியே எடுத்து, அதில் கோத்திருந்த நான்கு ஊக்குகளைக் காட்டினார். அவ்வளவுதான், அடுத்தவர் உள்ளே வந்தார்.

உலோகத்தைத்தான் அந்தக் கருவி கண்டுபிடிக்கும், பனியனை அல்ல. ஊசி, டிரிம்மர், கத்தரி இவற்றுக்கு உதவும் என்பது தவிர, பாதி அது பயம் காட்டத்தான் என்பது என் எண்ணம். உண்மையில் பயன் தந்தது பொத்தான் பை. ஸ்டோரிலிருந்து எடுத்த வெள்ளைப் பொத்தான்களோடு சில சிவப்பையும் கலந்து ஒரு துணிப்பையில் போட்டிருக்கிறார்கள். கை விட்டு எடுக்கையில் சிவப்பு வந்தவர் மட்டும் திரைக்குள் போக வேண்டும். இதனால், காவலருக்குப் பிடிக்காதவர் தினமும் மாட்டுவது நின்றது. அலுவலக ஊழியர்களுக்கும் இதே பைதான். எனக்கு இரண்டு முறை சிவப்பு வந்தது. ஆண்கள் வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில், போலியோவால் காலில் தாங்குகருவியான உலோகக் காலிப்பர் அணிந்த பெண் ஒருவர் இருக்கிறார். அதைக் கழற்றச் சொல்லாமல், முதல் நாளே விவரம் கேட்டு, எந்தக் காவலரும் மறுபடி கேட்காதபடி பதிவேட்டில் குறித்துவிட்டார்கள். 2021 அக்டோபரில், விமான நிலையங்களில் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்ற வைப்பதாக நடனக் கலைஞர் சுதா சந்திரன் வெளிப்படையாக முறையிட்டு, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது நினைவிருக்கலாம். பெரிய படைக்கே சறுக்கிய இடத்தில் இவர்கள் சறுக்கவில்லை.

சறுக்கியது வேறிடத்தில். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாள்களில் இரவு எட்டரைக்கு ஆட்கள் வெளியேறும்போது ஒரே ஒரு பெண் காவலர்தான் இருப்பார். அவர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் வருவதில்லை. அப்படியொரு நாளில், ஓர் ஆண் காவலர் பெண்கள் வரிசையில் கருவியோடு நின்றிருக்கிறார். கேட்டதற்கு, “தொடவே இல்லீங்களே, கருவிதானுங்களே” என்றார். மூன்று பெண்கள் எழுத்துமூலம் புகார் கொடுத்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். ஆள் கிடைக்கவில்லை என்பதே ஏஜென்சியின் பதில், ஆனால் அந்த மாதப் பில்லில் இரண்டு பெண் காவலர்களுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். கழித்துத்தான் கொடுத்தோம். பெண் காவலர் இல்லாத இரவுகளில் பெண்களுக்கு உடல் சோதனையே வேண்டாம், பையை மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று, பயிற்சிச் சான்றிதழ். தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கேட்கின்றன. எங்கள் கேட்டில் நிற்கும் ஆறு பேரில் இருவருடைய சான்றிதழ் இன்றுவரை கைக்கு வரவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒப்பந்தத்தை ஓராண்டுக்குப் பதிலாக நான்கு மாதத்துக்கு மட்டும் நீட்டித்திருக்கிறோம். இப்படியோர் ஏஜென்சியை அமர்த்த நினைப்பவர்கள், அவர்கள் ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு கம்பெனியின் கேட்டைப் போய்ப் பாருங்கள். காலையில் அல்ல, ஒன்றரை ஷிப்ட் விடுகிற நேரத்தில்.